ஓரிரு இடங்களில் இடியுடன் மழை

பங்குனி பிறந்தது முதல் வைகாசி முடியும் வரையில், வானிலை அறிக்கையை நாள்தோறும் கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகிவிடும். ‘வெப்பச்சலனம் காரணமாக உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்பதே அது. சில நாட்களில் அதனோடு, ‘மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும்’ என்பதும், ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்பதும் சேர்ந்து வரும். இதைக் கேட்டு நகைப்பவர்கள் உண்டு. “எந்த இடம் என்று சொல்லாமல் ஓரிரு இடம் என்று சொல்வதற்கு ஒரு நிலையம் வேண்டுமா? பெய்தால், ‘நாங்கள் சொன்னோமே’ என்பார்கள், பெய்யாவிட்டால், ‘அது வேறோர் இடத்தில் பெய்தது’ என்பார்கள்” என்று திண்ணைகளில் பேசிக்கொள்வதை நானும் கேட்டிருக்கிறேன்.

என் சிற்றப்பாவுக்கு முசிறிக்கு மேற்கே காவிரிக் கரையில் ஒரு வாழைத் தோட்டம் இருந்தது. ஒரு வைகாசியில், ரஸ்தாளித் தார்கள் வெட்டுக்கு வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாதித் தோட்டத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார்; மீதிப் பாதிக்குச் சவுக்குக் கம்பு வாங்க வேண்டியிருந்தது. அன்றைய அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்லைக் கேட்டவர், ‘ஓரிரு இடந்தானே’ என்று எண்ணி வேலையைத் தள்ளிவைத்துவிட்டார். மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கு எழுந்த காற்று பத்து நிமிடங்கூட நீடிக்கவில்லை. முட்டில்லாத பாதி முழுவதும் தாரோடு தரையில் கிடந்தது. ஆற்றுக்கு அக்கரையில், குளித்தலைப் பக்கத்தில், புழுதி கூட நனையவில்லை. “தம்பி, என் தோட்டந்தானா அவர்கள் சொன்ன அந்த ஓரிடம்?” என்று அவர் என்னிடம் கேட்டார். மனம் நொந்து கேட்ட கேள்விதான். எனினும் அது நல்ல கேள்வி. அதற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்ளும் வட்டாரம் சேலம், நாமக்கல், கரூர், திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு மாவட்டங்கள் அடங்கிய காவிரிப் பகுதி. இதன் வடக்கே சேர்வராயன் மலை. அதில் ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவே கொல்லி மலையும் பச்சை மலையும். தெற்கே கரூரைச் சுற்றி வறண்ட சமவெளி. கோடையில் தமிழ்நாட்டிலேயே மிகுதியான வெப்பம் பதிவாகும் இடங்களைச் சொல்லும்போது கரூர் பரமத்தியின் பெயர் அடிக்கடி அடிபடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வெயில் சுடும் சமவெளியும், அதன் நடுவே திடீரென்று எழும் மலைகளும், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்றும், கிழக்கே வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றும் ஒருங்கு கூடுகிற இடம் இது. இடிமழைக்கு வேண்டிய பொருள்கள் யாவும் இங்கே இருக்கின்றன.

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 920 மில்லி மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை வடகிழக்குப் பருவக்காற்றும், மூன்றில் ஒரு பங்கைத் தென்மேற்குப் பருவக்காற்றும் தருகின்றன. மார்ச் முதல் மே வரையில் பெய்யும் கோடை மழை சுமார் 125 மில்லி மீட்டர். அளவில் இது சிறிது. ஆயினும் உழவருக்கு இதன் மதிப்பு அளவைக் கொண்டு முடிவதன்று. இந்த மழையின் ஈரத்தில்தான் கோடை உழவு நடக்கிறது. ‘கோடை உழவு கோடி நன்மை’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அதே மழை களத்தில் காயும் எள்ளையும் மஞ்சளையும் கெடுப்பதும் உண்டு. பருவமழையைப் போல மேகம் சூழ்ந்து, நாள் முழுதும் அறிவித்துவிட்டு வருவதில்லை இது. காலையில் வானம் பளிங்கு போல் இருக்கும். மாலையில் மரம் விழும். வெப்பச்சலனம் என்று அறிக்கை சொல்லும் ஒரு சொல்லுக்குள் இந்தப் பகல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மே மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து தொடங்குவோம். கதிரவன் காற்றை நேராகச் சூடாக்குவது மிகக் குறைவு; முதலில் நிலத்தைச் சூடாக்குகிறான், நிலம் தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்து இலேசாகிறது. இலேசானது மேலே எழுகிறது. அடுப்பிலுள்ள பானையில் அடியிலிருக்கும் நீர் மேலே வருவதைப் போன்றதே இது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று மேலும் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் உறையாத வரையில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரும். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்கிறோம். தரையின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிப்பாகம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். கரூரில் பிற்பகல் வெப்பம் 40 டிகிரியும் பனிநிலை 22 டிகிரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 18, ஆகவே மேகத்தின் அடி 2250 மீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். வாழைத் தோட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

நீராவி நீராக மாறும்போதுதான் விந்தை தொடங்குகிறது. நீரை ஆவியாக்க நாம் எவ்வளவு வெப்பம் செலவிடுகிறோமோ, அவ்வளவும் திரும்பக் கிடைக்கிறது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 600 கலோரி. அந்த வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால், மேகத்துக்குள் ஏறும் காற்று முன்னைப்போல் விரைவாகக் குளிர்வதில்லை. சுற்றியுள்ள காற்றைவிட அது சூடாகவே இருக்கிறது. ஆதலால் மேலும் மேலும் எழுகிறது. 20 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லி மீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் பத்து இலட்சம் டன். அந்நீர் ஆவி நிலையிலிருந்து மாறியபோது வெளிப்பட்ட வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் சுமார் 70 கோடி யூனிட். ஒரு சிற்றூரின் மேல் ஒரு மாலை நேரத்தில் நிகழும் செயல் இது. மேகம் 12 கிலோமீட்டர், சில வேளைகளில் 15 கிலோமீட்டர் உயரம் வரை வளர்ந்து, உச்சியில் மேலும் ஏற இடமின்றிப் பட்டறைக் கல்லைப்போல் பக்கவாட்டில் பரவுகிறது. இதைக் கார்திரள் மேகம் என்பர்.

இந்த மேகத்தின் வாழ்க்கை வரலாற்றை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் அமெரிக்க நாட்டில் பையர்ஸ், பிரஹாம் என்னும் இருவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல் புளோரிடாவிலும் 1947-இல் ஒகையோவிலும் இடிமேகங்களுக்குள்ளேயே விமானங்களைச் செலுத்தி அளவுகள் எடுத்தார்கள். துணிச்சலான வேலைதான். 1949-இல் வெளியான அவர்களுடைய முடிவு இது: ஓர் இடிமேகத்தின் அலகு, அதாவது ஒரு தனிக் கொப்புளம், சில கிலோமீட்டர் அகலமே உள்ளது, அதற்கு வளரும் பருவம், முதிர்ந்த பருவம், தேயும் பருவம் என மூன்று பருவங்கள் உண்டு, மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதிர்ந்த பருவத்தில்தான் மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் ஒரே மேகத்தில் அருகருகே இருக்கும். மழையும் மின்னலும் சூறையும் அப்போதுதான்.

கீழிறங்கும் அந்தக் காற்றே என் சிற்றப்பாவின் வாழையைச் சாய்த்தது. மேகத்தின் அடி 2250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றோம். அதற்குக் கீழே உள்ளது வறண்ட கோடைக் காற்று. மழைத்துளிகள் அதன் வழியே விழுகையில் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று சட்டென்று குளிர்ந்து கனத்து, அருவிபோல் கீழே கொட்டுகிறது. தரையில் மோதி நான்கு திசையிலும் பரவுகிறது. மழைக்கு முன்னே வரும் அந்தக் குளிர்ந்த காற்றை, மண் வாசனையோடு நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள். சில நிமிடங்களில் வெப்பம் 8 அல்லது 10 டிகிரி இறங்கிவிடுவது உண்டு. மேகத்தின் அடி எவ்வளவு உயரமோ, இடையிலுள்ள காற்று எவ்வளவு வறண்டதோ, அவ்வளவுக்கு இந்த வீழ்ச்சி கடுமையாகும். ஐப்பசி மழையைவிடச் சித்திரை மழையில் மரங்கள் மிகுதியாக விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மழை சிறிதே பெய்து காற்று மட்டும் பேயாக அடிப்பதும் இதனால்தான்.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். எந்த இடத்தில் என்று ஏன் சொல்ல முடியவில்லை?

அடுப்பில் உலை வைத்திருக்கிறீர்கள். கொதிக்கும் என்பது உறுதி. எத்தனை நிமிடத்தில் கொதிக்கும் என்பதையும் பழகியவர்கள் ஏறக்குறையச் சொல்லிவிடுவார்கள். ஆனால், முதற் கொப்புளம் பானையின் எந்தப் புள்ளியிலிருந்து எழும் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்! பானையின் அடியில் ஒரு சிறு சொரசொரப்பு, ஒரு பருக்கை, அடுப்பில் ஒரு விறகு சற்று நகர்ந்திருப்பது ஆகிய அற்பக் காரணங்கள் அதைத் தீர்மானிக்கின்றன. வானத்திலும் அவ்வாறே. உழுத நிலம் ஒரு பக்கம், நீர் நிறைந்த ஏரி ஒரு பக்கம். பாறைக் குன்றின் ஒரு சரிவில் சற்று மிகுதியான வெயில். நேற்று மழை பெய்த ஊரில் மண்ணில் ஈரம். இவையெல்லாம் அந்தக் கொப்புளத்துக்கு இடம் குறிக்கின்றன.

மலைகள் மட்டும் ஓரளவு நம்பத்தக்க இடங்கள். கொல்லி மலையின் சரிவு சூடாகும்போது, அதே உயரத்தில் சமவெளிக்கு மேலே நிற்கும் காற்றைவிடச் சரிவை ஒட்டிய காற்று மிகுதியாகச் சூடாகிறது. ஆகவே நாற்புறத்திலிருந்தும் காற்று சரிவின் வழியே மேலேறி உச்சியில் கூடுகிறது. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குச் சேர்வராயனிலும் கொல்லியிலும் பச்சை மலையிலும் வெண்மேகம் முதலில் திரள்வது இதனால்தான். அங்கே பெய்த மழையின் குளிர்காற்று மலையடிவாரத்தில் பரவி, அங்கிருக்கும் சூடான ஈரக்காற்றின் கீழே ஆப்பு அடிப்பதுபோல் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. அதனால் புதிய மேகம் பிறக்கிறது. அதன் குளிர்காற்று இன்னொன்றைப் பிறப்பிக்கிறது. மூன்று மணிக்கு மலையில் தொடங்கியது, இவ்வாறு வழிவழியாகப் பெருகி ஆறு மணிக்கு ஆற்றங்கரையை அடையக்கூடும். அடையாமல் நடுவழியில் அவிந்துவிடவும் கூடும்.

இத்தகைய ஐயம் கணிப்பவரின் திறமைக்குறைவால் வருவதன்று. 1961-இல் எட்வர்டு லோரென்சு என்னும் அமெரிக்க அறிஞர் கணிப்பொறியில் ஒரு வானிலைக் கணக்கை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார். முதல் முறை 0.506127 என்றிருந்த எண்ணை, இரண்டாம் முறை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். இந்த வேறுபாடு பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். சிறிது காலம் இரு கணக்குகளும் ஒன்றாகவே சென்றன; பிறகு பிரிந்தன; இறுதியில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமற் போயின. 1963-இல் அவர் இதைப் பற்றி வெளியிட்ட கட்டுரை விஞ்ஞான உலகில் புகழ்பெற்றது. தொடக்க நிலையை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் எஞ்சும் சிறு பிழை வளர்ந்துகொண்டே போகும். நிகழ்ச்சி எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவில் வளரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகன்ற புயலை நாட்கணக்கில் முன்னறியலாம். பத்துக் கிலோமீட்டர்கூட அகலாத இடிமேகத்தின் இடத்தை மணிக்கணக்கில்தான் முன்னறிய முடியும்.

அப்படியானால் வானிலை நிலையத்தார் காலையில் எதைக் கொண்டு ‘ஓரிரு இடங்களில்’ என்கிறார்கள்? சென்னையிலும் காரைக்காலிலும் அதிகாலை ஐந்தரை மணியளவில் பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. அவற்றில் கட்டிய சிறு கருவி ஒவ்வோர் உயரத்திலும் உள்ள வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை அனுப்பிக்கொண்டே செல்கிறது. கீழே ஈரம் போதுமா, மேலே காற்று போதிய அளவு குளிர்ந்திருக்கிறதா, எழும் காற்றைத் தடுக்கும் சூடான அடுக்கு ஏதேனும் இடையில் உண்டா என்பது அதனால் தெரிகிறது. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் மேகங்களைப் படம் பிடிக்கின்றன. கோடையில் மத்திய இந்தியாவிலிருந்து கர்நாடகத்தின் வழியே தமிழ்நாட்டின் உட்பகுதி வரையில், இருவேறு திசைக் காற்றுகள் சந்திக்கும் ஒரு கோடு அடிக்கடி அமைவதுண்டு. அது இன்று எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு கணிப்பொறிக் கணக்கு. 2025 மே மாதத்தில் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற பாரத் முன்னறிவிப்பு முறை, பூமியை 6 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. முன்பிருந்த முறையில் கட்டம் 12 கிலோமீட்டர். பெரிய முன்னேற்றமே. ஆயினும் ஒரு மேகக் கொப்புளம் அத்தகைய ஓரிரு கட்டங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது அன்றோ?

மேகம் எழுந்த பிறகு அதைக் காண ராடார் இருக்கிறது. சென்னையில் 2002-இல் டாப்ளர் ராடார் நிறுவப்பட்டது. காரைக்காலிலும் ஒன்று உண்டு. ஆனால் பூமி உருண்டை. ராடாரின் கதிரோ ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. காரைக்காலிலிருந்து அரை டிகிரி சாய்வில் புறப்படும் கதிர், சுமார் 125 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிக்கு வரும்போது தரையிலிருந்து 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 200 கிலோமீட்டர் தாண்டிச் சேலத்தை எட்டும்போது 4 கிலோமீட்டருக்கு மேலே போய்விடும். உயர்ந்த மேகத்தின் நடுப்பகுதியை அது நன்றாகக் காணும். தரையை ஒட்டி ஓடும் சூறையைக் காணாது. இருந்தாலும், எழுந்துவிட்ட மேகம் எப்பக்கம் நகர்கிறது என்பதைக் கொண்டு அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பை வெளியிட முடிகிறது. காலையில் கேட்ட அறிக்கையோடு நின்றுவிடாமல், மாலை மூன்று மணிக்கு மேல் இந்த முன்னறிவிப்பைக் கவனிப்பவரே கோடையில் நற்பயன் அடைவார். என் சிற்றப்பா அதைக் கேட்டிருந்தாலும் அன்று கம்பு நட நேரம் இருந்திராது என்பது வேறு விஷயம்.

இனி, அறிக்கையின் சொற்களுக்கு வருவோம். அவை வாய்க்கு வந்தபடி சொல்லப்படுவன அல்ல. ஒரு வட்டாரத்தில் மழைமானி உள்ள இடங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பெறுமானால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘சில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. 24 மணி நேரத்தில் 64.5 மில்லி மீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. கனமழையின் கீழெல்லையை ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். ஏக்கர் ஒன்றுக்கு 4047 சதுர மீட்டர். பெருக்கினால் இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் லிட்டருக்கு மேல் வரும். பருவமழையில் இது பகலும் இரவுமாகப் பெய்யும். கோடையிலோ ஒன்றரை மணி நேரத்தில் கொட்டிவிடலாம். மலையில் கொட்டினால் அடிவாரத்து ஓடையில் திடீர் வெள்ளம் வரும். அங்கே வானம் தெளிவாகவே இருக்கலாம். கோடையில் மலையடி ஓடைகளிலும் அருவிகளிலும் குளிக்கச் செல்லும் மாணவர்கள், தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. மலையுச்சி கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிற எச்சரிக்கைகளையும் பலர் மழையின் அளவென்றே கொள்கிறார்கள். அவை செய்ய வேண்டிய செயலைக் குறிப்பவை: மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிருங்கள், சிவப்பு என்றால் உடனே செயற்படுங்கள்.

இப்பொழுது சிற்றப்பாவின் கேள்விக்கு விடை கூறலாம். ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அவருடைய தோட்டத்துக்கு அன்று மழை வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேற்படாது. அதுவும் மேல்வரம்பு, பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம். பத்தில் ஒன்று என்பது ஒரு நாளைக்குச் சிறிய எண். ஆனால் கத்திரி வெயில் நாட்களில் அதே அறிக்கை பத்து நாள் தொடர்ந்து வந்தால்? ஒவ்வொரு நாளும் தப்பிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது; பத்து நாளும் தப்பிக்கும் வாய்ப்பு, 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைப்பது, 0.35. அதாவது, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு மாட்டிக்கொள்வதற்கே. (ஒரு நாளின் மழை மறுநாளைப் பாதிக்காது என்று கொண்டு போட்ட எளிய கணக்கு இது.) கம்பு வாங்குவதா வேண்டாமா என்பதை ஒரு நாளின் அறிக்கையைக் கொண்டு அவர் முடிவு செய்தார்; வெட்டுக்கு மூன்று வாரம் இருக்கும் தோட்டத்துக்கு மூன்று வாரத்தின் கணக்கையே பார்த்திருக்க வேண்டும். எள்ளைக் களத்தில் காயவைத்திருப்பவருடைய நிலை வேறு. மாலையில் தார்ப்பாய் போட்டு மூட அரை மணி நேர உழைப்புப் போதும். போடாவிட்டால் ஒரு போகத்தின் விளைவு போய்விடும். நான்கில் ஒன்று என்ன, இருபதில் ஒன்றானாலும் அவர் மூடுவதே சரி. ஒரே அறிக்கையைக் கேட்டு இருவர் இருவிதமாக நடந்துகொள்ளலாம். இருவரும் அறிவோடு நடந்தவர்களாகவே இருக்கலாம்.

மின்னலைப் பற்றி மட்டும் இப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது. நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். 2022-இல் 2887 பேர் என்பது அரசாங்கக் குற்றப் பதிவு நிலையத்தின் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் வயலில் வேலை செய்வோரும் கால்நடை மேய்ப்போருமே. நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் பக்கத்து ஊரில் ஆடு மேய்த்த ஒருவர், மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்கினார். மழை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. அவரும் ஏழு ஆடுகளும் அங்கேயே இறந்து கிடந்தார்கள். இடி இடிக்கும்போது ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லும்படி எங்கள் பாட்டி சொல்லிக் கொடுத்திருந்தார். அச்சம் தணிய அது உதவியது. அந்த மேய்ப்பரும் அதைச் சொல்லியிருப்பார்.

மேகத்துக்குள், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே, நீர் பனிக்கட்டியாகிறது. சிறு பனித்துகள்களும் கனத்த மென்பனி உருண்டைகளும் மோதிக்கொள்வதால் மின்னேற்றம் பிரிகிறது. இலேசான துகள்கள் நேர்மின்னோடு மேலே போக, கனத்தவை எதிர்மின்னோடு நடுவே தங்குகின்றன. வேறுபாடு அளவு கடந்ததும் காற்றைக் கிழித்துக்கொண்டு மின்னல் பாய்கிறது. அதன் பாதையில் வெப்பம் 30,000 டிகிரியை எட்டும்; கதிரவனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. சட்டென்று விரிந்த காற்றின் ஓசையே இடி. ஒளி உடனே வருகிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகிறது. ஆதலால், மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும் வரை எண்ணியதை மூன்றால் வகுத்தால் தொலைவு கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது; அடுத்தது உங்கள் தலைமேல் விழலாம். மழை வருமா என்று காத்திராமல், சுவரும் கூரையும் உள்ள நல்ல கட்டடத்துக்குள் செல்ல வேண்டும்; அது கிட்டாவிட்டால் கண்ணாடி மூடிய காருக்குள். தனி மரம், வயலிலுள்ள குடிசை, கிணற்று மேடு, நீர்நிலை இவை ஆகா. எதுவுமே இல்லாத வெளியில் அகப்பட்டால், கால்களைச் சேர்த்துக் குந்தி, தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், படுக்காதீர்கள். தரையில் பாயும் மின்சாரம் படுத்தவரின் உடல் நீளத்துக்கும் ஓடும். கடைசி இடி கேட்ட பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். இந்த அரை மணி நேரத்தைப் பொறுக்காமல் ஆட்டைத் தேடியும் மாங்காய் பொறுக்கவும் ஓடி மாண்டவர்கள் பலர். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிராது. அவரைத் தொட்டுத் தூக்க அஞ்ச வேண்டியதில்லை. மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்துகொண்டே மருத்துவமனைக்கு ஆளனுப்ப வேண்டும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலியை வெளியிட்டிருக்கிறது. அருகில் மின்னல் விழுந்தால் அது தெரிவிக்கும். வெளியில் வேலை செய்யும் பெரியவர்களின் கைப்பேசியில் அதை அமைத்துக் கொடுப்பது மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய உதவி.

மற்றொரு வேலையும் மாணவர்களுக்கு உண்டு. மழைமானிகள் வெகு தொலைவுக்கு ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டு மானிகளுக்கு இடையே ஓர் இடிமழை பெய்து, ஒன்றிலும் விழாமல் ஓய்ந்துவிடுவதும் உண்டு. அன்றைய பதிவில் அந்த மழையே இராது. என் சிற்றப்பாவின் தோட்டத்தில் விழுந்த மழையும் எந்தப் பதிவிலும் இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு தகரக் குவளையை, மரமும் சுவரும் மறைக்காத வெளியில், சாயாதபடி வையுங்கள். காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் நீரை அளவுகோலால் மில்லி மீட்டரில் அளந்து எழுதுங்கள். வானிலை நிலையங்களும் காலை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரையே ஒரு நாளாகக் கொள்கின்றன. ஆகவே திங்கள் மாலை பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் ஏறும். பெய்யாத நாளிலும் ‘0’ என்று எழுத வேண்டும். ஒரே பள்ளிக்குப் பத்து ஊர்களிலிருந்து வரும் பத்து மாணவர்கள் ஒரு சித்திரையும் வைகாசியும் இவ்வாறு எழுதி, தங்கள் ஏடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ‘ஓரிரு இடங்களில்’ என்று வானொலி சொன்ன நாட்களில் பத்தில் எத்தனை குவளைகளில் நீர் நின்றது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.